மடியில் ஈயம்

தராசில் ஏறுமுன் முபாரிஸ் உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் ஒருமுறை போய் வருவார். திரும்பும்போது இடுப்பில் கட்டிய சாரத்தின் மடி புடைத்திருக்கும். உள்ளே, வலையின் அடியில் கோக்கும் ஈயக்குண்டுகள். கண்டக்குழி மீன்வாடியொன்றில் கருவாடு நிறுப்பவர் அவர். அந்த மேடைத் தராசில் காலையில் ஏறும் முதல் பாரம் அவருடைய உடம்புதான்.

தராசு முள்ளைப் பார்க்க மனைவி மர்ஷூதா வந்து நிற்பாள். கையில் வலை ஊசி. முகத்தில் இரத்தமே இராது. அவளுடைய வாப்பா மெலிந்து மெலிந்து, கடைசியில் ஒரு தலையணைப் பாரமாகி மௌத்தானவர். முள் பழைய இடத்தில் நின்றால்தான் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

கிளினிக்கில் சீனி வருத்தம், உடம்பைக் குறை என்று பயமுறுத்தியதிலிருந்து முபாரிஸ் சோற்றைப் பாதியாக்கினார். இரவில் தின்னும் பாண் ரொட்டியையும் சீனிச்சம்பலையும் விட்டார். உடம்பு இறங்கத் தொடங்கியது. அவள் உயிரை விட்டுவிடுவாளே என்று மடியில் ஒரு கைப்பிடி ஈயம். இன்னும் இறங்கவே, இன்னொரு கைப்பிடி.

"இது எங்க போய் நிக்குமெண்டு தெரியல்ல. கடைசில சாரம் மட்டுந்தான் தராசுல ஏறும்போல" என்று, வாடியில் கணக்கெழுதும் என்னிடம் சொல்லிச் சிரித்தார். 

கிளினிக் தாதி கோசலாவிடம் அதையே கேட்டிருக்கிறார். அவள் சொன்னாளாம்: "கடல்ல போற போட்டுல பாரம் குறைஞ்சா எண்ணெயும் குறையத்தானே வேணும், முபாரிஸ் நானா? உடம்பும் அப்பிடித்தான். மெலிய மெலிய அதுக்குச் செலவு குறையும். நீங்க தின்னுறதும் அது செலவழிக்கிறதும் சரிக்குச் சரியாகிற இடத்துல நிண்டிடும்."

முபாரிஸ் தலையாட்டினார், நம்பவில்லை. ஆனால் சோற்றின் அளவு மாறாமலே, ஒரு வாரம் புதிய ஈயம் தேவைப்படவில்லை. மறுவாரமும் இல்லை. மனிதருக்கு அதுவும் கிலியாகிவிட்டது. தராசு பழுதோ என்று, எடை தெரிந்த பிரிக்காத அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தார். தராசு பொய் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை மர்ஷூதா முள்ளைப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள்.

"என்ட வலையில ஈயம் குறையுது. எடுங்க."

அவர் தராசில் நின்றபடியே மடியை அவிழ்த்து அவள் கையில் கொட்டினார். முள் சரிந்தது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்தவளின் சத்தம்.

"பயப்படாத புள்ள. கொஞ்ச நாளா இதுலதான் நிக்கிது. கீழ போகல்ல, பாரு."

முள் நின்றது. அவள் ஈயத்தைத் தரையில் போட்டுவிட்டு, கடற்காற்றில் படபடத்த அவருடைய சாரத்தின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பற்றிக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த பிடியில் முள் மறுபடி மெல்ல ஏறியது.