அக்காவின் மேல் போட்ட பழி

கர்த்தருக்குள் அன்பானவர்களே, மனம் ஆறிப்போய் நான் இந்தச் சாட்சியைச் சொல்லவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. கோபத்தோடு ஜெபித்தவளுக்கும் அவர் பதில் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டி. நான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்த கோடையில், பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்த என் அக்கா எஸ்தர், ரூம் வெடித்து இறந்துபோனாள். அடக்கம் முடிந்த கையோடு போர்மேன் வந்து அம்மாவிடம் சொன்னார்: "ஒங்க மக கவனமில்லாம இருந்துட்டாம்மா. நாங்க என்ன செய்ய?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சபையிலும் சிலர் தேவ சித்தம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தேவன் மேல் போட்டுவிட்டால் கம்பெனியை யாரும் கேட்க வேண்டாம் அல்லவா?

அன்று முழங்கால்படியிடவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்: "எங்கக்கா என்ன தப்பு செஞ்சா? எனக்குத் தெரியணும் ஆண்டவரே. அது தெரியாம உம்மகிட்ட வேற எதையும் கேக்க மாட்டேன்."

நர்ஸிங் சேர இருந்தவள் இயற்பியல் சேர்ந்தேன். பட்டாசால் ஊரே சாகிறது, கல்லூரி நூலகத்தில் அதைப் பற்றி ஒரு புத்தகம்கூட இல்லை. போனில் தேடினேன். பல்கலைக்கழகங்கள் இலவசமாகப் போட்டிருக்கும் பாட வீடியோக்களைப் பார்த்தேன். ஆய்வாளர்கள் அச்சாகும் முன்பே எல்லோரும் படிக்கப் போட்டு வைக்கும் கட்டுரைகள் இணையத்தில் இருந்தன. வெடிமருந்து எப்படிப் பற்றுகிறது என்று சொல்லும், எனக்கு வேண்டிய ஒன்று மட்டும் பணம் கட்டாமல் திறக்கவில்லை. அழுதேன், ஜெபித்தேன். பிறகு அதை எழுதிய அம்மையாருக்கே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஈமெயில் அனுப்பினேன்.

மறுநாள் காலை கட்டுரை வந்திருந்தது. அக்காவுக்காக வருந்துவதாகவும், புரியாததைக் கேட்கலாம் என்றும் எழுதியிருந்தார்.

அதைப் படித்துத் தெரிந்துகொண்டது இதுதான்: காய்ந்த காற்றில் நைலான் சேலை உரசினால் உடம்பில் மின்னூட்டம் சேரும். அது தரைக்கு இறங்க வழியில்லாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ளும். உள்ளே நுழையும் முன் தொட்டு அதை இறக்கிவிட, மண்ணோடு கம்பியால் இணைத்த ஒரு செம்புத் தகடு வாசலில் வேண்டும். அம்மாவிடம் கேட்டேன், அக்கா வேலை செய்த ரூமில் அது இல்லை. பருத்தி உடையும் கம்பெனி கொடுக்கவில்லை. அன்று நடந்தது இதுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்யாதவர்கள், செத்தவள் மேல் பழி போட்டார்கள். அது நிச்சயம்.

அம்மா அதே கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கும் கூட வேலை செய்த பெண்களுக்கும் விளக்கினேன். மறுநாள் ஒருவரும் உள்ளே போகவில்லை.

"சீசன் நேரத்துல ஏம்மா இப்படிப் பண்ணுறீக?" என்றார் போர்மேன்.

"தகடு பதிங்க, வாறோம். எம்மக மேல இனி ஒரு சொல்லு சொல்லாதீக" என்றாள் அம்மா.

அந்த வாரமே தகடு வந்தது. மன்னிப்பு இன்றுவரை வரவில்லை.

இப்போது மதுரையில், தூள்களில் சேரும் மின்னூட்டத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறேன். கர்த்தர் என் கோபத்தை அணைக்கவில்லை. என்னைப் படிக்க வைத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிப் போய், அது அவர் தப்பு என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ஏன் என்று ஆண்டவரிடம் கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள், அவர் தாங்குவார். பிறகு தேடுங்கள். படிக்க வேண்டியது கிடைக்காவிட்டால் எழுதியவரிடமே கூசாமல் கேளுங்கள். எனக்குக் கொடுத்தார்கள்.