ஓடி ஓடி நின்ற இஞ்சின்

ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயின் நாற்றத்தை முகர்ந்தவர்கள் இன்று அதிகம் பேர் இல்லை. தீய்ந்த செருப்பையும் மண்ணெண்ணெயையும் ஒரே சட்டியில் வதக்கியது போன்ற அந்த நாற்றம், ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டு மரவள்ளிக்கிழங்கில்கூட அடித்தது. காரணம் என் அண்ணன் தேவராஜனும் அவன் கொண்டுவந்த பொம்மை விமான இஞ்சினும்.

வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டு ஓடிய வீடுகளின் சாமான்கள் "பாசார்" என்ற சந்தையில் கொட்டிக் கிடந்த நாட்கள் அவை. எல்லோரும் போர்வை, பீங்கான் என்று தூக்கிக்கொண்டு வர, இவன் நல்ல சைக்கிளைக் கொடுத்துவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் அந்த இஞ்சினை மாற்றிக்கொண்டு வந்தான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் வேலையில்லாத வாலிபர்களை லோரியில் ஏற்றி, போனவர் பலர் திரும்பாத சயாம் காட்டுக்கு ரயில் பாதை போட அனுப்பத் தொடங்கியதும், ரயில்வேயில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அந்தப் பொம்மையே கடைசி நம்பிக்கையாகிவிட்டது.

"வேலை தெரிஞ்சவன்னு காட்டிட்டா இங்க செந்தூல் ரயில்வே பட்டறையிலேயே வச்சிக்குவானுங்க. ஜப்பான் அதிகாரிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அது ஓடணும், அவ்வளவுதான்" என்றார்.

அது ஓடும், ஓடி நிற்கும். அதுதான் எரிச்சல். ஒரேயடியாகச் செத்துக் கிடந்திருந்தால் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். பெட்ரோல் கண்ணில் படாத காலம் என்பதால் "ரப்பர் எண்ணெய்". அதில் மசகுக்குக் கலக்க வேறெதுவும் இல்லாததால், எங்களுக்குப் பேதிக்குக் கொடுக்க வைத்திருந்த விளக்கெண்ணெய். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டும் ஒட்டாமல், விளக்கெண்ணெய் அடியில் தங்கிக் குழாயை அடைத்தது. பிறகு ஒரு லோரிக்காரரிடம் கெஞ்சி இஞ்சின் ஆயில் வாங்கி வந்தான். துணிக்கே பஞ்சமான அந்த நாளில், என்னைக் கேட்காமலே என் பாவாடையைக் கிழித்து வடிகட்டினான். எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகினான், குழாயை வாயில் வைத்து ஊதிக் குமட்டினான், தொட்டியை உயர்த்தினான், தாழ்த்தினான். விசிறியைச் சுண்டிவிட்டால் இஞ்சின் அலறும்; பக்கத்து வீட்டார் குண்டு போட வந்துவிட்டான் என்று சாக்கடைக்குள் குதிக்க ஓடுவார்கள்; அவர்கள் வாசல் தாண்டுவதற்குள் நின்றுவிடும். மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து, மூடிச் சுண்டினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் பைத்தியம் பிடிக்காத குறை.

பட்டறைக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின மாலை, அண்ணன் மறுபடியும் எண்ணெய் ஊற்றுவதைப் பார்த்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் எவ்வளவுடா குடிக்கும் அது? காத்துல ஆவியாப் போவுதேன்னு மூடியில இருந்த ஓட்டையக்கூட நான் சவுக்காரம் வச்சி அடைச்சிட்டேன். அப்பவும் பத்தலையா?"

ஒழுகும் எண்ணெய்த் தகரத்தைத் துணி துவைக்கிற சவுக்காரம் வைத்து அடைப்பது அந்நாளில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அந்த ஓட்டை, காற்று உள்ளே போவதற்கென்றே வைத்தது. காற்று போகாவிட்டால் எண்ணெய் இறங்காது. மூடியைத் திறந்தபோதெல்லாம் அது ஓடியதும் அதனால்தான். அண்ணன் அம்மாவையே பார்த்தான். ஏதாவது சொல்லிவிடப் போகிறானே என்று நான் பயந்தேன். அவனோ கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, குண்டூசியால் அடைப்பைக் குத்தி எடுத்தான். தொட்டி காலியாகும்வரை இஞ்சின் நிற்கவில்லை.

மறுநாள் பட்டறையிலும் நிற்கவில்லை. அதிகாரி கைதட்டிச் சிரித்தாராம். அண்ணனின் பெயரை மெக்கானிக் என்று அங்கேயே பதிந்துகொண்டார்களாம். அப்பா அன்று எங்கிருந்தோ அரிசி கொண்டுவந்தார். நாங்கள் சோறு தின்றோம்.

சில வாரங்களில் சயாமில் லோரிகள் பழுதாகி நிற்பதாகத் தகவல் வந்தது. வேலை தெரிந்தவர்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

போன அண்ணன் திரும்பவில்லை. காய்ச்சல் என்றார்கள், திரும்பி வந்தவர்கள். "நல்லா ஓடுச்சுன்னுதானே சொன்னீங்க?" என்று அம்மா அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது அந்தக் குடியிருப்பு இல்லை. அங்கே அண்ணாந்து பார்க்கும்படி கட்டடங்கள். ரப்பர் எண்ணெய் என்றால் யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் எதிர்வீட்டில் ஒருவன் இருந்தான். ஒரு வேலையும் தெரியாது, ஜப்பான்காரன் காலம் முழுக்கக் கூரைக்கும் பலகைக்கும் நடுவே ஒளிந்து படுத்தே கழித்தான். போன வருடம்தான் செந்தூலில் இறந்தான். சாவுக்குப் போயிருந்தேன். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காப்பிகூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.