முஹைதீன் எடுக்காத கடன்

கண்டிப் பக்கம் திகனவைச் சுற்றியுள்ள எந்த வாரச் சந்தைக்குப் போனாலும் முஹைதீனின் நீலத் தார்ப்பாயைக் காணலாம். அலுமினியச் சட்டி, தாச்சி, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் பேசின், எல்லா அளவிலும் மூடி. வாங்க வந்தவர் சட்டியைத் தட்டிப் பார்க்கும் முன்பே தானே ஒரு தட்டுத் தட்டி, அவர் காதருகே பிடிப்பார். “ஓட்டை இல்ல. ஆனா மெல்லிசு. பால் காய்ச்ச இத எடுக்காதீங்க” என்று சொல்லித் தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்வார். அப்படியும் ஆட்கள் அவரிடமே திரும்பி வந்தார்கள்.

அறுபதைத் தாண்டிய அந்த மனிதருக்கு ஒரேயொரு பெருமை இருந்தது. வட்டிக்கு ஒரு சதம் வாங்கியதில்லை. 2018 கலவரத்தில் திகனவில் கடைகள் எரிந்தபோது அவருடைய கடையும் எரிந்தது. உருகிக் கட்டிபட்டுக் கிடந்த அலுமினியத்தை அலவாங்கால் பெயர்த்தெடுத்துப் பழைய சாமான்காரருக்குப் போட்டார். வங்கியில் கடன் எடுத்துக் கடையை மறுபடி கட்டுங்கள் என்று சொல்லாதவர் இல்லை. முஹைதீன் கேட்கவில்லை. தெரிந்தவர் ஒருவரின் பழைய வேனை வாடகைக்குப் பிடித்துச் சந்தை சந்தையாகப் போகத் தொடங்கினார்.

பெருமையைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றுமில்லை. மனைவி உம்மு குல்சுமின் தம்பி ஜவாஹிர் அம்பிட்டியவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். கடையும் லொறியும் வீடும் வங்கிக் கடனில் எழுந்தவை. பெருநாளுக்கு வந்து உட்கார்ந்தால் போதும், சோற்றுத் தட்டை நீட்டிக்கொண்டே முஹைதீன் வட்டியின் கேட்டைப் பற்றிப் பள்ளிவாசல் பிரசங்கம் போல ஒரு பயான் தொடங்குவார். ஜவாஹிர் கோழிக்காலைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் வேன்காரர் வேனை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். நோன்புக் காலம்தான் சட்டி பானைக்கு நல்ல காலம். அதற்குள் ஒரு சின்ன லொறி கையில் இல்லாவிட்டால் வியாபாரம் அந்த வருஷத்தோடு சரி. வங்கியே லொறியை வாங்கி, நமக்கு வாடகைக்கு விட்டு, கடைசியில் பெயரை மாற்றித் தரும் வட்டியில்லாத ஏற்பாடு ஒன்று கண்டியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் ஜவாஹிர்தான். தன் காரிலேயே கூட்டிப் போனார்.

வங்கியின் இஸ்லாமியப் பிரிவில் ஸக்கியா என்ற பெண் இருந்தாள். திரையைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

“ரிப்போர்ட் நல்லா ஈக்கிது நானா. முந்தி எடுத்த லோன வடிவா கட்டி முடிச்சீக்கிறீங்க.”

“எந்த லோன் மகள்?”

யார் எங்கே கடன் எடுத்தார், ஒழுங்காகக் கட்டினாரா என்பதையெல்லாம் திரட்டி வைக்கும் அறிக்கை அது. எந்த வங்கிப் படி ஏறினாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஊரில் அதற்கு ‘கிரிப்’ என்று பெயர். கிரிப்பில் பெயர் விழுந்தவனுக்கு எல்லா வாசலும் அடைபடும் என்றுதான் முஹைதீன் கேள்விப்பட்டிருந்தார். நல்லபடியாகவும் விழலாம் என்று அன்றுதான் அறிந்தார். கண்டி டவுனில் உள்ள ஒரு ஃபினான்ஸ் கம்பெனியில் தையல் மெஷின் வாங்க எடுத்த கடன். வட்டியோடு. ஒரு தவணையும் பிந்தாமல் கட்டி முடிந்தது. எடுத்த வருஷம், கடை எரிந்த அதே வருஷம்.

ஜவாஹிர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மச்சான்! கள்ளத்தனமா எடுத்தீக்கிறீங்களே! எங்களுக்கு மட்டுந்தானா பயான்?”

“அல்லாஹ்வே, நான் எடுக்கல்ல. எங்கட ஊட்டுல தையல் மெஷினே இல்ல.”

“எடுத்தா என்ன, நல்லாத்தானே கட்டீக்கிறீங்க. வட்டியும் சேத்து.”

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் திகன ஆள். முஹைதீன் அசர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனபோது கதை அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூடி விற்கிற மனிதர்தான். அந்த அளவில் மட்டும் அவரிடம் இல்லை.

ஸக்கியா சொன்னது இன்னும் சங்கடமாக இருந்தது. “பிழையான பதிவு எண்டா எழுதிக் குடுத்து அழிக்கலாம் நானா. ஆனா இது உங்களுக்கு நல்லதுதானே. இத வெச்சு லொறி உடனே பாஸாகும். இத அழிச்சிட்டா உங்கட பேர்ல ஒண்டுமே இரிக்காது. யோசிச்சுட்டு வாங்க.”

வீட்டில் உம்மு குல்சும் தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள்.

“நுஹாட வாப்பா, நீங்க எடுக்கல்ல. அது அல்லாஹ்வுக்குத் தெரியும். பொறகென்ன?”

“ஊர் சிரிக்கிது.”

“ஊரா லொறி வாங்கித் தரப் போகுது? பஸ்ல சட்டிய கட்டிக்கொண்டு போற வயசா உங்களுக்கு? உடுங்க. பிழை செஞ்சது கம்பெனி. நீங்க வாய மூடிக்கொண்டு லொறிய எடுங்க.”

முஹைதீன் தேத்தண்ணியை ஆற்றினார். பொய் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கடையோடு எரிந்த காலத்திலும் தளராத மனம் ஒரு சின்ன லொறிக்கு முன்னால் இப்படி இளகுவதைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. அறிக்கையை அப்படியே விட்டுவிடுவது என்று பாதி முடிவெடுத்துவிட்டார். ஆனாலும் தன் பெயரில் வட்டி கட்டிய அந்த மகராசன் யார் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மறுநாள் கண்டி பஸ்ஸில் ஏறினார்.

ஃபினான்ஸ் கம்பெனி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. அங்கே மோகனராஜ் என்ற ஹந்தானைத் தோட்டத்துப் பையன்தான் அவரைக் கவனித்தான்.

“ஒக்காருங்க நானா. அந்தக் காலத்து ஃபைல் எல்லாம் மேல கெடக்கு. தேடணும்.”

தூசு தட்டிக்கொண்டு ஒரு கோப்போடு இறங்கி வந்தான். கடன்காரரின் பெயரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் காட்டினான். முஹைதீன் தன் அட்டையைப் பக்கத்தில் வைத்தார். ஒரேயொரு இலக்கம் வேறு. அட்டையின் பிரதியில் சரியாக இருந்ததைக் கணினியில் பதிந்தவர் யாரோ பிழையாக அடித்திருந்தார்.

“அடடா. எங்க பக்கந்தான் தப்பு நானா” என்றான் மோகனராஜ். பிறகு கோப்பில் பெயரை மறுபடி பார்த்தான். “அட, இவரா! இந்த ஆளு போன வருஷம் வந்து சண்ட புடிச்சாரு. பேங்குல லோன் கேட்டிருக்காரு, பதிவே இல்லன்னு அனுப்பிட்டாங்களாம். ‘ஒரு மாசங்கூட பிந்தாம கட்டுனேனே, அதெல்லாம் எங்கடா போச்சு’ன்னு கத்துனாரு. நாங்க அவரு நம்பர போட்டுப் பாத்தோம், ஒண்ணுமே வரல. பொய் சொல்றாருன்னு நெனச்சோம்.”

முஹைதீன் இரண்டு அட்டை இலக்கங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஐந்து எண்களும் ஒன்றாக இருந்தன. பிறந்த வருஷமும் நாளும் அந்த ஐந்துக்குள்தான் இருக்கும் என்பது அட்டை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். தான் பிறந்த அதே நாளில் பிறந்த ஒருவன். அவனும் அறுபதைத் தாண்டி, ஏதோ ஒரு தையல் மெஷினை மிதித்துக்கொண்டு, மாதம் தவறாமல் இந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறான். அவனுடைய நல்ல பெயரைத்தான் முஹைதீன் நேற்று முழுவதும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, எங்க கையெழுத்துப் போடோணும்?”

“போட்டா ஒங்க ரிப்போர்ட் காலியாகிரும் நானா. ஏதும் லோன் கேட்டிருக்கீங்களா?”

“கேட்டீக்கிறேன். அது என்ட பாடு. இது அடுத்த மனுஷன்ட ஹக்கு, அவருக்குச் சேர வேண்டியது.”

திருத்தம் ஏறச் சில வாரங்கள் எடுத்தன. ஒருநாள் முஹைதீன் சந்தையில் நிற்கும்போது மோகனராஜிடமிருந்து போன் வந்தது. “சரியாயிருச்சு நானா. அந்த ஆளுக்குத் தகவல் சொன்னேன். மூணு நிமிசம் ஏசுனாரு, பொறகு அழுதுட்டாரு.” முஹைதீன் பெயரைக் கேட்கவில்லை. அன்று ஒரு பெண்ணுக்கு மூடியை விலை குறைத்துக் கொடுத்தார், அவள் கேட்காமலே.

புதிய அறிக்கையில் பெயரும் விலாசமும் பிறந்த திகதியும் இருந்தன. அதற்குக் கீழே வெறும் தாள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்து, பள்ளியில் கேட்டவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டினார். வங்கியில் ஸக்கியாதான் தலையைச் சொறிந்தாள்.

“நான் அப்பவே செல்லினேன்தானே நானா. இப்ப நீங்க எங்களுக்குப் புது ஆள். நல்ல ரிப்போர்ட் ஈக்கிற ஒராள் பிணை நிண்டா மட்டும் செய்யலாம். அப்பிடி யாரும் ஈக்கா?”

யார் இருக்கிறார்? முஹைதீன் பழகியவர்கள் எல்லாம் அவரைப் போலவே வெறும் தாள்காரர்கள். காரை நிறுத்த இடம் தேடிப் போன ஜவாஹிர் அப்போதுதான் வியர்வையோடு உள்ளே வந்தார். முஹைதீன் அவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார்.

“ஜவாஹிர். எனக்குப் பிணை நிப்பீங்களா?”

ஜவாஹிர் நின்றபடியே சிரித்தார். “என்ட ரிப்போர்ட்ல நாலு லோன் ஈக்கி மச்சான். நாலும் ஹராம் எண்டு செல்லினது நீங்க. அத வெச்சா லொறி எடுக்கப் போறீங்க?”

“ஹராம் எண்டுதான் இப்பவும் செல்றேன்.”

“பாத்தியா மகள், பிணை கேக்குற நேரமும் பயான்!”

“ஆனா,” என்றார் முஹைதீன், “ஒரு தவணையும் பிந்தாம கட்டுறது லேசில்ல. நீங்க எப்பிடிக் கட்டினீங்க எண்டு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அது என்ட பிழை.”

ஜவாஹிர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைக்கூரை ஒழுகிய வருஷம் எப்படிக் கட்டினார், கொரோனாக் காலத்தில் மனைவியின் வளையலை எப்படி விற்றார் என்று அங்கேயே சொல்லத் தொடங்கினார். ஸக்கியா தாள்களை எடுத்து வைக்கும் வரை சொன்னார். முஹைதீன் குறுக்கே பேசவில்லை. பிறகு ஜவாஹிர் பேனையைக் கேட்டு வாங்கி, அவள் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

“பெருநாளைக்கு என்ன மச்சான், பயான் ஈக்கா?”

“ஈக்கி” என்றார் முஹைதீன். “சாப்பிட்ட பொறகு.”