கேட்டைத் தாண்டும் குரல்

ஐம்பத்து நாலாம் வருடத் தேர்தல் சமயத்தில் நான் திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் தமிழ் அறிவிப்பாளராக இருந்தேன். மாதாமாதம் புதுப்பிக்கும் வேலை. சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் தமிழ்: சாலைக் கடைத்தெரு விலை நிலவரம், இரண்டு பாட்டு, தோட்டத் தொழிலாளருக்கு ஒரு சுகாதாரப் பேச்சு.

ஒரு மத்தியானம், பஸ் தூசி படிந்த வெள்ளைப் புடவையோடு ஓர் அம்மாள் வந்தார். வித்துராவுக்கு மேலே, மலையில், தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நர்ஸாக இருந்தவர். டாக்டரே இல்லாத அந்த ஆஸ்பத்திரிக்காக எழுதி எழுதி அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டுச் சுயேச்சையாகத் தேர்தலில் நின்றிருந்தார். தங்கள் ஊர் வழக்கப்படி, பிள்ளையைக் கூப்பிடுவதுபோல என்னை ‘மக்களே’ என்று கூப்பிட்டார்.

“தோட்டத்துக்குள்ள கூட்டம் போட விடமாட்டேங்காவ, மக்களே. கேட்டுலயே நிறுத்திப்புடுதாவ. உள்ள போறது உங்க ரேடியோ ஒண்ணுதான். சாயங்காலமானா லயத்து வீடுகள்ல எல்லாரும் சுத்தி உக்காந்து கேப்பாவ. அஞ்சு நிமிசம் போதும்.”

அவர் எழுதி வந்திருந்த மனுவோடு அவரை எங்கள் அதிகாரியிடம் அழைத்துப் போனேன். மலையாளி, நல்ல மனிதர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

“தேர்தல் பேச்சு ஆர்க்கும் கொடுக்கான் பாடில்லை அம்மா, கூடாது. மந்திரிக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.”

“நிக்கிற எல்லாருக்கும் அஞ்சஞ்சு நிமிசம் குடுங்க சார். அப்ப எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“அதுக்கொரு சட்டம் வரணும். இப்ப இல்லியல்லோ.”

அவர் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசல்வரை கூடவே போனேன்.

அந்த வாரச் சுகாதாரப் பேச்சில், டாக்டர் இல்லாத தோட்டங்களைப் பற்றி இரண்டு வரி சேர்த்து எழுதினேன். அதிகாரி சிவப்பு மையால் அடித்துவிட்டார். மறுநாள் ஒரு மந்திரி பாலம் திறந்தார். அவர் பேச்சின் தமிழ்ச் சுருக்கத்தை நான் வாசிக்க வேண்டும். பாதிக்குமேல் மலைப்பக்கத்து ஜனங்களுக்கான வாக்குறுதிகள்.

“இது தேர்தல் பேச்சு இல்லையா சார்?”

“திறப்பு விழாவாக்கும். நியூஸ்.” என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

வாசித்தேன். லயத்தில் யார் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தேதான் வாசித்தேன். குரல் ஓரிடத்திலும் பிசிறவில்லை. நன்றாக இருந்ததாகப் பக்கத்து அறையிலிருந்து வந்து சொன்னார்கள்.

நர்ஸம்மா தோற்றுப்போனார். முடிவுகளை வாசித்ததும் நான்தான். அந்தத் தொகுதியில் கடைசிப் பெயர் அவருடையது. அடுத்து என்ன வாசித்தேன் என்று நினைவில்லை.

சில மாதங்கள் கழித்து ஆரியசாலையில் மருந்துக் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவர் முந்திக்கொண்டு கேட்டார்:

“அடுத்த தேர்தலுக்காவது அந்த அஞ்சு நிமிசம் குடுப்பாவளா, மக்களே?”

“தெரியலையே அக்கா.”

தலையாட்டினார். வித்துரா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போனார்.