மன்னிப்புக் கேட்கவிடாத எபிநேசர்

எபிநேசர் இறந்துபோனார் என்று போதகர் போன் செய்தபோது, நான் பெரிய வெள்ளிக்கான பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைச் சபையில் ஏழு பேர் பேசுவது நம் வழக்கம். யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது செயலாளரான என் வேலை. மன்னிப்பைப் பற்றிய முதல் வார்த்தைக்கு நேரே எபிநேசர் பெயரை அப்போதுதான் எழுதியிருந்தேன். மாரடைப்பாம். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த மனுஷன் கடைசிவரை என்னைப் பேசவிடாமலே போய்விட்டாரே என்ற எரிச்சல். அது இன்னும் அடங்கவில்லை.

திருப்பதியில் நம் தமிழ் ஆராதனைக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் அவர் நல்லவர். எனக்கும் நல்லவர்தான். ஆனால் அந்த நல்லதனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவன் நான். ரேணிகுண்டாவில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் இருவரும் ஃபிட்டர்கள். மத்தியானம் தன் சோற்றை எவனுக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டு என் டப்பாவில் கை வைப்பார். "என்னுத அவன் துன்றான், உன்னுத நான் துன்றேன். யாருக்கும் பசி இல்லியேப்பா" என்பார். எனக்குப் பசித்தது.

வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. நம்மில் பலர் வீட்டில் போன் கிடையாது. விண்ணப்பத்தில் சபை அலுவலகத்தின் நம்பரைத்தான் எழுதுவோம். போன் வந்தால் வாசல் கரும்பலகையில் பெயரையும் விஷயத்தையும் எழுதி வைப்பது என் பொறுப்பு. நானும் எபிநேசரும் ஒரே ஏஜெண்டிடம் தேர்வுக்குப் போனோம். நான் தேறவில்லை. பத்து நாள் கழித்து ஏஜெண்டிடமிருந்து சபைக்குப் போன் வந்தது. எபிநேசர் வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டோடு மெட்ராஸுக்கு வர வேண்டும் என்றார்கள். சாக்பீஸை எடுத்தேன். ஞாயிறு ஆராதனைப் பாட்டு எண்களை மட்டும் பலகையில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. வயிற்றெரிச்சல்.

அடுத்த வாரம் எபிநேசரே ஏஜெண்டைக் கூப்பிட்டு, செய்தி சபைக்கு வந்ததையும் தன் இடம் வேறொருவருக்குப் போனதையும் தெரிந்துகொண்டார். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் நேராக என்னிடம் வந்தார். அறை விழும் என்று நின்றேன்.

"டப்பாவுல இன்னா கீது?" என்றார்.

அன்றிலிருந்து பஸ்ஸில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்று எத்தனை முறை ஆரம்பித்திருப்பேன். "எபி, அந்த போன்..." என்று வாயெடுத்தால் போதும், "அத்த உடுப்பா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஒருநாள் ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் பொறுக்க முடியாமல் கத்தினேன்.

"தியாகம் பண்ண நீ இன்னா ஏசுவா?"

"தியாகம்லாம் அவரு ஒரு தரமே பண்ணி முடிச்சிட்டாரு. நான் வேலைக்குத்தான் போய்க்கினு கீறேன்" என்றார்.

வேண்டுமென்றேதான் வருஷாவருஷம் அவருக்கு முதல் வார்த்தையைக் கொடுத்தேன். அங்கேயாவது மனதில் உள்ளதைக் கொட்டுவார் என்று பார்த்தேன். அவரோ பிரசங்க மேடையில் நின்று, "ஆணி அடிச்சவன் மன்னிப்பு கேக்கல. கேட்டாத்தான் குடுப்பேன்னு ஆண்டவரும் சொல்லல" என்பார். நீங்கள் எல்லாரும் ஆமென் சொல்வீர்கள். அது எனக்கு வந்த பதில் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருஷம், உங்கள் முன்னால் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று முதல் வார்த்தைக்கு என் பெயரையே போட்டேன். எபிநேசர் பட்டியலைப் பார்த்தார். பேனாவை வாங்கி, என் பெயரை அடித்து, ஆறாவது வார்த்தைக்கு நேரே எழுதினார். எல்லாம் முடிந்தது என்கிற வார்த்தை அது. இப்படிப்பட்ட ஆளோடு எப்படிக் காலம் தள்ளுவது, சொல்லுங்கள்.

இப்போது ஒன்று புரிகிறது. மன்னிப்பு என்றால் போனால் போகிறது என்று விட்டுவிடுவது என்றே நினைத்திருந்தேன். என் தப்பை யாரோ ஒருவர் தினமும் சுமந்தால்தான் நான் லேசாக நடக்க முடியும் என்று யோசிக்கவில்லை. மன்னித்தவர் அவர். சுமந்தது அவர் வீடும்தான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி கிரேஸிடம் போய், வாசலில் நின்றபடியே அந்த போன் விஷயத்தைச் சொன்னேன்.

"அவருக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

"எங்கிட்ட சொல்லவே இல்ல." கதவைப் பிடித்துக்கொண்டார். "அவரு மன்னிச்சாருன்னா அது அவரு. இத்தினி வருசம் தையல் மிசின் மிதிச்சது நானு. எனக்குக் கோவம் வருதுண்ணா. இப்ப போங்க."

"அடுத்த ஞாயித்துக்கெழம வரட்டுமா?"

"வாங்க. அப்பவும் கோவமாத்தான் இருப்பேன்."

போனேன். கோபமாகத்தான் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. எபிநேசரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆராதனை முடிந்ததும் போய் நிற்க இந்த ஒரு வாசல்தான். போன வாரம் அங்கே நின்று, "நான் செஞ்சது துரோகம், என்ன மன்னிச்சிடும்மா" என்று முழுதாகச் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை கிரேஸ் குறுக்கே பேசவில்லை.