பத்து மணிக்கு விரியும் பூ

எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் உத்தியோகத்தர் கூட்டம் இந்த மார்கழித் தொடக்கத்தில் ஒரு பெரிய முடிவை எடுத்தது. காலைத் தேநீர் இனிமேல் பத்து மணிக்கு அல்ல, பதினொரு மணிக்கு. இரு தரப்பும் நன்றாகவே வாதாடின. எதிர்த்துப் பேசிய களஞ்சியப் பொறுப்பாளர், காடு வெட்டி இந்த நிலையத்தை உருவாக்கியவர்களின் தியாகத்தை நினைவுபடுத்தினார். ஆனால் புதுப் பால்காரர் பத்தரைக்கு முன் வந்து சேர்வதில்லை என்ற வாதமே வென்றது. ஆதரவாக உயர்ந்த கைகள் இறங்குவதற்குள் தந்தி வந்தது. யாழ்ப்பாணத்தில், தன் தமக்கையார் வீட்டில், விடுப்பில் இருந்த எங்கள் மார்க்கண்டர் காலமாகிவிட்டார்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். தேநீர் நேரத்தை மாற்றும்படி வருடக்கணக்காகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நெற்பூ எங்கள் பக்கத்தில் காலை பத்து மணியளவில் விரியும். ஒரு மணித்தியாலத்தில் மூடிவிடும். ஒரு நெல்லின் மகரந்தத்தை இன்னொரு நெல்லின் பூவில் சேர்ப்பது அவருடைய வேலை. ஆகவே நாங்கள் கூடியிருந்து கதைக்கும் நேரத்தில் அவர் வயலில் நின்றார். அவருடைய தேநீர் சோசரால் மூடப்பட்டு யன்னலில் இருக்கும். மத்தியானம் வந்து, ஆடை படிந்த அந்தத் தேநீரை ஆளில்லாத அறையில் நின்றபடி குடிப்பார்.

"பதினொரு மணியெண்டால் நானும் வந்து இருந்து குடிப்பன்" என்று கூட்டங்களில் சொல்வார். ஒருவருக்காக மாற்றினால் நாளை எல்லோரும் கேட்பார்கள் என்று பதில் கிடைக்கும். வேறு எவரும் கேட்டதில்லை.

நான் அங்கே கமக்காரருக்கான துண்டுப்பிரசுரங்கள் எழுதுபவன். குடாநாட்டிலிருந்து குடியேற்றத்துக்கு வந்தவர்களின் வயல்களில் எரிபந்தம் என்னும் நோய் விழுந்தால், பயிர் நெருப்பு வைத்ததுபோல் கருகிப் போகும். அதைப் பற்றி நான் எழுதிய பிரசுரம், "விவசாய உத்தியோகத்தரைச் சந்திக்கவும்" என்று முடிந்தது. சந்திக்கப் போனவர்களுக்கு விவசாய உத்தியோகத்தர் என் பிரசுரத்தைக் கொடுத்தார். மார்க்கண்டர் மட்டும் வேறு பக்கம் பார்த்தார். இரணைமடுக் குளத்தோரச் சேற்றில் ஒருவரும் விதைக்காமல் வளரும் காட்டு நெல்லை எரிபந்தம் தொடுவதில்லை. அந்தக் குணத்தை வயல் நெல்லுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இதைத் தவிர அவர் வேறொன்றுக்கு ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

காட்டு நெல் கை பட்டாலே உதிர்ந்துவிடும். அதனால் அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, குடையைத் தலைகீழாக விரித்துக் கதிரின் கீழ் பிடிப்பார். ஒருநாள் நான் கரையில் அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், வள்ளத்தில் வந்த மீன்பிடிகாரர் ஒருவர் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஐயா, மழை இப்ப கீழயிருந்தோ வருது?"

"ஓம், உம்மட வள்ளத்துக்குள்ளயும் வரும். பாத்துப் போம்" என்றார் மார்க்கண்டர், குடையை அசைக்காமல்.

நெல்லைக் கொண்டுவருவது இலகுவான பகுதி. இரண்டையும் சேர்ப்பதுதான் நடக்கவில்லை. பெரும்பாலான பூக்களில் மணியே பிடிக்காது. சிலவற்றில் பால் பிடிக்கும். பிறகு உள்ளே இருக்கும் முளை பட்டினி கிடந்து சூம்பிவிடும். பல வருட முயற்சியில் ஒரேயொரு விதை முளைத்தது. அந்தப் பயிர் தாயையும் தகப்பனையும் விட உயரமாக, பச்சைப் பசேலென்று வளர்ந்து, எரிபந்தத்தை எட்டியும் பார்க்கவிடாமல், நிறையப் பூத்தது. ஒரு மணிகூடப் பிடிக்கவில்லை. அதன் மகரந்தம் முழுவதும் செத்தது.

"இரண்டு பகுதியிலயும் பிழையில்லை. இரண்டும் நல்ல குடும்பம்" என்று அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். "ஒரு உடம்புக்குள்ள வந்து இருக்கேக்கைதான் ஒண்டோட ஒண்டு கதைக்குதில்லை."

களஞ்சியப் பொறுப்பாளர் இதைக் கேள்விப்பட்டு, "மார்க்கண்டர் முதல்ல தனக்கொரு சம்பந்தம் பேசட்டும், பிறகு நெல்லுக்குப் பேசலாம்" என்றார். அறை முழுவதும் சிரித்தது. சிரிப்பு வாசல்வரை கேட்டிருக்க வேண்டும். அன்று மழையால் வயலிலிருந்து முந்தித் திரும்பிய மார்க்கண்டர் அப்போது வாசலில்தான் நின்றார். "நெல்லு எண்டால் ஏன் சரிவரேல்லை எண்டாவது தெரியும்" என்று சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன்பின் தன் வேலையைப் பற்றி அந்த அறையில் அவர் வாய் திறக்கவில்லை.

மலட்டுப் பயிரை அவர் வெட்டியெறியவில்லை. தன் விடுதியின் பின்னால், பாதியாக வெட்டிய தார்ப் பீப்பாவில் சேறு நிரப்பி, போகத்துக்குப் போகம் தூரைப் பிரித்து நட்டு உயிரோடு வைத்திருந்தார். அது பூக்கும்போதெல்லாம் வயல் நெல்லின் மகரந்தத்தை அதன்மேல் தட்டினார். ஒரு மணி பிடித்தாலும் போதும். அது பாதிக்கு மேல் வயல் நெல்லாக இருக்கும், அதிலிருந்து பிள்ளைகுட்டி வரலாம் என்பது அவர் கணக்கு. ஒரு காலபோகத்தில், அந்த மாரிப் பயிர்க்காலத்தில், அப்படியொரு மணி பிடித்தது. கதிருக்குக் கடதாசி உறை போட்டுக் கட்டினார். ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும்தான்.

தைப்பூசம் வந்தது. அன்று புதிர் எடுப்பது எங்கள் வழக்கம். வயலின் முதற் கதிர்களை வெட்டி வந்து, அந்தப் புது அரிசியைச் சேர்த்துப் பொங்கிப் படைப்பார்கள். நிலையத்தின் வயல்வேலைப் பெண்களுக்கு மூத்தவரான கண்மணி அக்கா அன்று மார்க்கண்டரையும் பக்கத்து விடுதியிலிருந்த என்னையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பொங்கலை வாழையிலையில் வைத்தார்.

"ஐயாவுக்கு வீட்டில ஆக்கள் இல்லை. ஆர் புதிர் எடுக்கிறது? அதுதான் நானே விடிய எடுத்தனான்" என்றார். "ஐயாவின்ர பீப்பாக் கதிரையும் சேர்த்தனான்."

மார்க்கண்டரின் கை இலையில் நின்றது. "எந்தக் கதிர் அக்கா?"

"உறை போட்டுக் கட்டினது. பிரிச்சுப் பாத்தால் வெறும் சப்பி நெல்லுக்கு நடுவில ஒரு மணி. ஐயா நெடுகப் போய்ப் போய்ப் பாத்துக்கொண்டு நிண்டதைக் கண்டனான். சாமிக்கெண்டு நேர்ந்து கட்டியிருக்கிறார் எண்டு விளங்கீற்றுது. ஏன் ஐயா, குத்தமோ?"

"இல்லை அக்கா. நல்ல காரியம் செய்தியள்" என்றார் மார்க்கண்டர். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

அவர் இலையை வழித்துச் சாப்பிட்டார். திரும்பி நடந்து வரும்போதுதான் விஷயத்தை எனக்குச் சொன்னார். கடைசியில், "காட்டையும் வயலையும் சேர்த்தாச்சுது காணும். என்ர வயித்திலயோ உம்மட வயித்திலயோ எண்டுதான் தெரியேல்லை" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கிறாரா என்று பார்க்கத் திரும்பியபோது அவர் சற்றுப் பின்னால் நின்று, மூக்குக்கண்ணாடியை வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்மணி அக்கா இப்போது மகளோடு பூவரசங்குளத்தில் இருக்கிறார். இதை வாசிப்பவர்கள் எவரும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாரியும் அந்தப் பயிர் பூத்தது, அவர் தட்டினார், ஒன்றும் பிடிக்கவில்லை. சென்ற ஐப்பசியில் நோய் முற்றி வருத்த விடுப்பில் யாழ்ப்பாணம் போகும்போது, அவரை வழியனுப்ப பஸ்தரிப்பில் நான் மட்டும்தான் நின்றேன். குடையை என்னிடம் தந்தார்.

"பீப்பாவை உம்மட கிணத்தடிக்கு எடுத்துவையும். மார்கழி கடைசியில பூக்கும். வயலில நல்ல கதிரொண்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மேல தட்டினால் காணும், வேறயொண்டும் வேண்டாம்."

"எனக்கு நேரம் கிடைக்குமோ தெரியாது" என்றேன்.

"பத்து மணிக்குத்தானே பூ விரியும். உம்மை மேசையை விட்டு எழும்ப விடுற நேரமும் அதுதானே" என்றார். "ஒருநாளைக்குத் தேத்தண்ணியை விட்டால் செத்தா போவீர்? நான் எத்தினை வருஷம் விட்டனான்."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு: குளத்துச் சேற்றின் கறை படிந்த ஒரு குடை, கிணற்றடியில் அந்தப் பீப்பா. பயிர் இந்தக் கிழமை பூத்திருக்கிறது. என் விடுதி நான் எழுதும் கந்தோருக்குப் பக்கம். தேநீர் இடைவேளைக்குள் போய் வந்துவிடலாம். இடைவேளை இப்போது பதினொரு மணிக்கு. அதற்குள் பூ மூடிவிடுகிறது.