செவந்திப் பாத்தியில் வைத்த விளக்கு

சரிதா எங்கள் வீட்டுக்காரருடைய சித்தப்பா பேத்தி. பாரூரில் பிறந்தவள். பேரிகைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஓசூர் கம்பெனியில் வேலை. ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் லாரி அடித்துப் போய்விட்டான். அதன் பிறகு மாதப்பன் என்பவருடைய பூந்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தோட்டத்திலேயே ஒரு ரூம் கொடுத்தார். மகன் ஜெகதீஷோடு ஒண்ட அவளுக்கு வேறு இடம் இல்லை.

அங்கே பாலிதீன் கூரை போட்ட பாலிஹவுஸில் செவந்தி. நீளமாக இருட்டு கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும். பொழுது சாயுமுன்பே பாத்திகளைச் சுற்றியும் மேலேயும் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டுவாள், காலையில் விலக்குவாள். “கட்டின துணியை மட்டும் திறந்துடாதம்மா, ஆயுத பூஜைக்குப் பூ வேணும்” என்று மாதப்பன் சொல்லி வைத்திருந்தார்.

ஜெகதீஷ் காலேஜில் சினிமாப் படிப்பு. கடைசி வருஷம் ஒரு சின்னப் படம் எடுத்துக் கொடுக்கணும். வேலைக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கிற பொம்பளையின் கதை. அதில் அம்மாவையே நடிக்க வைத்தான். அவள் முகத்தில் நிழல் விழ முறத்தைப் பிடித்துப் பார்த்தான், கொசுவலையைக் கட்டிப் பார்த்தான். எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் அந்தக் கறுப்புத் துணிக்குள்ளே போய்ப் படமெடுக்கிற விளக்கைத் தரையில் வைத்தான். செவந்தி இலையெல்லாம் அவள் முகத்தில் பெரிசு பெரிசாக ஆடின.

“செடிக்கு ஒண்ணும் ஆகாதில்லம்மா?”

“வெளிய இருந்து வெளிச்சம் உள்ள வந்தாத்தாண்டா தப்பு. துணிதான் மூடியிருக்குதே.”

கேமரா பிடித்த சுபாஷ், அவனோடு படிக்கிறவன், சிரித்தான். “அம்மா, உங்களைவிட செடி நல்லா நடிக்குது.”

“அப்ப அதுக்கே சோறு போடு” என்றாள்.

விளக்கைத் தள்ளி வைத்து, கிட்ட வைத்து, ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் எடுத்தார்கள்.

மற்ற பாத்திகளில் மொட்டு வந்தது. விளக்கு வைத்த பாத்திகள் இடுப்பளவு வளர்ந்தும் வெறும் இலை. மாதப்பன் குனிந்து குனிந்து பார்த்தார்.

“துணி திறந்தியாம்மா?”

“இல்லீங்க. ஒருநாளும் திறக்கலைங்க.”

அது சத்தியம். ஆனால் உள்ளே வைத்த விளக்கும் வெளிச்சம்தான் என்று ஜெகதீஷுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. அம்மாவைப் பொய்க்காரி என்று நினைத்துவிடுவாரோ என்று போனை எடுத்து, எடுத்த படத்தையே அவரிடம் காட்டினான். மாதப்பன் அந்தச் சின்னத் திரையை முழுக்கப் பார்த்தார்.

“நல்லாத்தான் எடுத்திருக்கறப்பா” என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். “பூஜைக்குப் பூ கேக்கறவங்களுக்கு இதையா காட்டுவேன்? ரூமைக் காலி பண்ணிடுங்கம்மா. வேற ஆள் வெச்சுக்கறேன்.”

அதட்டியிருந்தால்கூடக் காலில் விழுந்திருப்பேன் என்று சரிதா பிறகு என்னிடம் சொன்னாள்.

இப்போது ஓசூரில் லைன் வீட்டில் ஒரே அறை. அவளும் கம்பெனியில்தான், அவனும் கம்பெனியில்தான், காலேஜை விட்டுவிட்டான். போன வாரம் போனில் கேட்டேன்.

“அந்தப் படத்தைக் கொடுத்தானாடி?”

“கொடுக்கல பெரிம்மா. அதைப் பத்திப் பேசறதே இல்ல. பேசவும் எங்க நேரம்? அவன் ஷிப்டு முடிச்சு உள்ள வரும்போது நான் செருப்பு மாட்டிட்டு இருக்கேன்.”